புதிய கைத்தொலைபேசியும் சித்திரை வெயிலும்

மனிதனுக்கு இன்றியமையாதவை எவை என்று எமது பாட்டன்மாரைக் கேட்டிருந்தால், உணவு, உடை, உறையுள் என மூன்றைச் சொல்லி நிறுத்தியிருப்பார்கள். இக்காலத்துப் பிள்ளைகளோ அந்த மூன்றையும் ஒருபுறம் தள்ளிவைத்துவிட்டுக் கைத்தொலைபேசியையே முதலிற் சொல்வார்கள். அவர்களை நொந்து பயனில்லை. வங்கிக் கணக்கு அதற்குள் இருக்கின்றது. மின்சாரக் கட்டணம் அதன் வழியாகச் செல்கின்றது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினரின் முகம் அதிலேதான் தெரிகின்றது. மணிக்கூடு, வானொலி, படப்பெட்டி, கணக்குக் கொப்பி என்று வீட்டிலே தனித்தனியாக இருந்த பொருள்கள் யாவும் இன்று உள்ளங்கை அகலத்திற்குள் ஒடுங்கிவிட்டன.

ஆகவே கைத்தொலைபேசி வாங்குவது இன்று ஒரு குடும்பக் காரியமாகிவிட்டது. முன்னாளிலே எமது குடாநாட்டில் ஒருவர் மாடு வாங்கப் போனால் எத்தனை சோதனைகள் செய்வார்! பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். சவாரித் திடலிலே காற்றாய்ப் பறக்கும் மாடு வேறு, காலை முதல் வெயில் ஏறும் வரை கலப்பை இழுக்கும் மாடு வேறு என்பதை அவர் நன்கறிவார். கைத்தொலைபேசி வாங்கும் நாமோ விளம்பரத்திலுள்ள இலக்கங்களை மட்டும் பார்க்கின்றோம். அவ்விலக்கங்கள் பெரும்பாலும் சவாரித் திடலின் இலக்கங்கள் என்பதை எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சென்ற மார்கழியில், அன்ட்ரொய்ட் வகையிலே முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் புதிய கைத்தொலைபேசி ஒன்றை நாம் வாங்கினோம். உற்பத்தியாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாம் கூறவிருக்கும் குறை ஒரு கம்பனிக்கு மட்டும் உரியதன்று. விலை ஏறக்குறைய நான்கு இலட்சம் ரூபா. டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயமாற்று 2022 ஆம் ஆண்டிலே 360 ரூபாவை எட்டியதும், பின்னர் சிறிது தணிந்தும் பழைய நிலைக்குத் திரும்பாததும், 2024 தை மாதம் முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமானதும் அவ்விலையிலே நன்றாகத் தெரிந்தன. சகோதரர் மூவர் சேர்ந்து அப்பணத்தைப் போட்டோம். காரணம் ஒன்றே. எமது தாயாருக்கு வயது 84. அவருடைய நினைவு மங்குமுன், அவர் சொல்லும் ஊர்க்கதைகளை நல்ல ஒளியோடும் ஒலியோடும் பதிந்து வைத்துவிட வேண்டும் என்பதே எமது விருப்பம்.

முதல் மாதத்து மகிழ்ச்சி

நல்லதை முதலிற் சொல்வதே முறை. அன்ட்ரொய்ட் முறையில் இயங்கிய முதலாவது கைத்தொலைபேசி 2008 ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்த எச்.ரி.சி. ட்ரீம் என்பதாகும். அதன் திரை 3.2 அங்குலம். அதன் செயலி, அதாவது மூளை, 528 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. தற்காலிக நினைவகம் 192 மெகாபைற்று. இன்று முதல் வரிசையிலுள்ள கருவிகளின் செயலிகள் 4 ஜிகாஹேட்ஸையும் தாண்டி ஓடுகின்றன. நினைவகம் 12 ஜிகாபைற்றாகவும் அதற்கு மேலாகவும் இருக்கின்றது. பதினெட்டு ஆண்டுகளுக்குள்ளே நினைவகம் மட்டும் 64 மடங்கு பெருகிவிட்டது.

இப்பெருக்கத்தின் பயனைக் கையிலே எடுத்தவுடன் உணர்ந்தோம். திரை செக்கனுக்கு 120 முறை புதுப்பிக்கப்படுவதால், பத்திரிகையை மேலும் கீழும் நகர்த்தி வாசிக்கும்போது எழுத்துகள் நடுங்காமல் வழுகிச் செல்கின்றன. தேடிய பொருள் தேடி முடிக்குமுன் வந்து நிற்கின்றது. மாலை மங்கிய பின் முற்றத்திலே எடுத்த படத்தில் செவ்வரத்தம் பூவின் நிறம் பழுதின்றித் தெரிகின்றது. ஒரு முறை அழுத்தும்போது பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாகக் கோத்துத் தரும் வித்தையே அதற்குக் காரணமாம்.

குரலைக் கேட்டுத் தமிழில் எழுதும் வசதியைக் கூகிள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டிலே சேர்த்தது. அதனைத் தாயாரிடம் காட்டினோம்.

"நான் சொல்லச் சொல்ல இது எழுதுதோ, தம்பி?" என்று வியந்தார்.

சில வசனங்களை நிதானமாகச் சொன்னார். பெரும்பகுதியைச் சரியாகவே எழுதிற்று. "கிணத்தடி", "பெட்டகம்" போன்ற சொற்களில் மட்டும் அது தடுமாறிற்று. ஊர்ப்பேச்சை அறியாத புதிய மருமகளைப் பொறுத்துக்கொள்வது போல அவரும் அதனைப் பொறுத்துக்கொண்டார்.

ஒன்றிரண்டு குறைகளும் அப்போதே தென்பட்டன. பெட்டியிலே மின்னேற்றி இல்லை. 2020 இல் அப்பிள் நிறுவனமும் 2021 இல் சம்சுங் நிறுவனமும் மின்னேற்றியைப் பெட்டியிலிருந்து நீக்கின. வழக்கம் பின்னர் பரவிற்று. யானையை வாங்கினவன் அங்குசத்திற்கு அழுவானா என்று வியாபாரிகள் எண்ணிவிட்டார்கள் போலும்! இன்னொன்று, தாயாரைப் படமெடுத்தபோது அவர் முகத்துச் சுருக்கங்களைக் கருவி தானாகவே மெழுகிவிட்டது. படத்தைப் பார்த்த அவர், "இது ஆர், என்ரை தங்கச்சியே?" என்று கேட்டார். அந்த வசதியை நிறுத்திவைத்தோம். எண்பத்து நான்கு ஆண்டுகள் எழுதிய எழுத்தை அழிப்பதற்கு ஒரு கருவிக்கு உரிமை இல்லை.

கிணற்றடியில் நடந்தது

எமது பூர்வீக வீடு வலிகாமம் வடக்கிலே உள்ள ஒரு சிற்றூரில் இருந்தது. 1990 ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்களுள் எமது குடும்பமும் ஒன்று. அதன் பின் நெடுங்காலம் அக்காணி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிக் கிடந்தது. இப்போது அங்கே போய்வர முடிகின்றது. வீடு இல்லை, அத்திவாரமும் கிணறும் மட்டும் இருக்கின்றன. சென்ற சித்திரையிலே ஒரு நாள், தாயாரையும் தமையனாரின் மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். தாயார் நடந்து காட்டும் இடங்களையெல்லாம் பதிவுசெய்வது எமது திட்டம்.

முற்பகல் பதினொரு மணி. நிழல் தரக்கூடிய மரம் ஒன்றேனும் அருகில் இல்லை. விளம்பரத்திலே முதலாவதாகக் கூறப்பட்ட சிறப்பு எதுவோ, அந்த உயர்தரப் பதிவையே தெரிந்தெடுத்தோம். நான்கு இலட்சம் கொடுத்தது அதற்காகத்தானே! தாயார் அத்திவாரத்தின் மேல் நின்று, அடுக்களை எங்கே இருந்தது, நெல்லு மூடைகள் எங்கே அடுக்கப்பட்டன, எமது தந்தையார் எந்தத் திண்ணையிலே படுத்து உறங்குவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு கிணற்றடிக்குச் சென்று கட்டிலே கையை ஊன்றினார்.

"இந்தக் கட்டிலைதான் உன்ரை ஐயா பேர் எழுதி வைச்சவர்..." என்று தொடங்கினார்.

அப்பொழுது திரை மங்கியது. முதலில் வெயிலின் கூச்சம் என்று எண்ணினோம். அடுத்த கணம், கருவி மிகவும் சூடாகிவிட்டதால் படப்பிடிப்பு நிறுத்தப்படுகின்றது என்ற அறிவிப்புத் தோன்றியது. மணிக்கூட்டைப் பார்த்தோம், தொடங்கிப் பத்து நிமிஷமும் ஆகவில்லை. கையிலே பிடித்திருக்கவும் முடியாத அளவுக்குப் பின்புறம் கொதித்தது. சால்வையால் மூடி விசிறினோம், பயனில்லை. தாயாரோ எதையும் அறியாதவராய்க் கிணற்றுக்குள்ளே பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். அவரை நிறுத்தி, "சற்றுப் பொறுங்கள் அம்மா, தொலைபேசி ஆறட்டும்" என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உள்ளே கிடந்த பேச்சு அது. ஒருமுறை தடைப்பட்டால் மறுமுறை அதே போல வருமா?

"சித்தப்பா, விடுங்கோ. நான் எடுக்கிறன்," என்றாள் தமையனாரின் மகள்.

அவளிடம் இருந்தது மூன்று ஆண்டு பழைய, நடுத்தர விலைக் கைத்தொலைபேசி. திரையிலே ஒரு மூலை வெடித்திருந்தது. தன் குடையால் அதற்கு நிழல் பிடித்துக்கொண்டு, அப்பாச்சி பேசி முடிக்கும் வரை, நாற்பது நிமிஷம், அவள் அதிலேயே எடுத்தாள். கிணற்றடிக் கதை இன்று எம்மிடம் இருப்பது அப்பழைய கருவியின் புண்ணியத்தால். தந்தையார் பெயர் எழுதிய இடத்தைப் பற்றி அவர் கூறிய முதற் சில வசனங்கள் மட்டும் இரண்டு கருவிகளுக்கும் இடையிலே விழுந்து போயின.

சூடு எங்கிருந்து வருகின்றது?

விலை உயர்ந்த கருவி ஏன் இளைத்தது, விலை குறைந்தது ஏன் நின்று பிடித்தது என்பதை அறிய விரும்பினோம். அறிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம்.

செயலியின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த வேண்டுமாயின், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். செலவாகும் மின்வலுவோ வேகத்தோடு மட்டுமன்றி, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகின்றது. ஆகையால் ஒரு செயலி தன் உச்ச வேகத்தின் கடைசிப் பத்து வீதத்தை எட்டுவதற்குச் செலவிடும் மின்வலு, அந்தப் பத்து வீதத்தின் பெறுமதியைவிட மிக அதிகம். செலவாகும் மின்வலு முழுவதும் முடிவிலே வெப்பமாகவே வெளிப்படும்.

கணினியிலே அவ்வெப்பத்தை ஊதித் தள்ள விசிறி உண்டு. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் அது இல்லை. உயர்ந்த கருவிகளுள்ளே, தகடு போல மெல்லிய செப்புக் கூடு ஒன்றை வைத்து அதனுள் சிறிதளவு நீரை அடைத்திருப்பார்கள். சூடான இடத்திலே நீர் ஆவியாகும். குளிர்ந்த இடத்திலே மீண்டும் நீராகும். புட்டுப் பானையின் மூடியிலே ஆவி பட்டு நீராய் வழிவதை ஒவ்வொரு காலையும் பார்க்கும் எமது பெண்களுக்கு இது புதுமையன்று. ஆனால் இவ்வமைப்பு வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பரப்புமேயன்றி அழிக்காது. அது இறுதியில் கருவியின் உடலைக் கடந்து வெளிக்காற்றுக்குப் போயாக வேண்டும். வெளிக்காற்றே கொதித்துக்கொண்டிருந்தால் எங்கே போகும்?

கைத்தொலைபேசிகளைச் சூழலின் வெப்பம் 0 முதல் 35 செல்சியஸ் பாகை வரை உள்ள இடங்களிலே பயன்படுத்துமாறு சம்சுங், அப்பிள் போன்ற நிறுவனங்கள் தம் அறிவுரைகளில் கூறுகின்றன. சித்திரை வைகாசியிலே எமது பகுதியின் நிழல் வெப்பமே அந்த மேல் எல்லையை எட்டிப் பார்க்கும். நேர் வெயிலிலே கரிய கண்ணாடி முதுகுள்ள ஒரு கருவி அதனைக் கடப்பதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. வெயிலில் திரை தெரிவதற்காக அதன் ஒளி உச்சத்திற்கு ஏறுவதும், அலைக்கோபுரம் தொலைவில் உள்ள ஊர்களில் சமிக்ஞையைப் பிடிக்கக் கருவி கூடிய வலுவோடு ஒலிபரப்புவதும் அந்தச் சூட்டோடு சேர்ந்துகொள்கின்றன.

இனிப் பதிவைப் பார்ப்போம். நாம் தெரிந்தெடுத்தது 3840 க்கு 2160 என்ற அளவில், செக்கனுக்கு 60 படம். தமையனாரின் மகள் எடுத்தது 1920 க்கு 1080 என்ற அளவில், செக்கனுக்கு 30 படம். புள்ளிகள் நான்கு மடங்கு. படங்கள் இரு மடங்கு. எனவே எமது கருவி அவளுடையதைவிட எட்டு மடங்கு புள்ளிகளை ஒவ்வொரு செக்கனும் கையாண்டுகொண்டிருந்தது. பழையது வெற்றி பெற்றதற்குக் காரணம் அதன் ஆற்றல் அன்று. அதற்கு இட்ட பாரம் சிறியது, அதற்கு ஒரு குடை நிழலும் இருந்தது.

கருவி தன்னைத்தான் நிறுத்திக்கொண்டதையும் குறை கூற முடியாது. வெப்பம் மிகும்போது வேகத்தைக் குறைப்பதும், பின்னர் வேலையை நிறுத்துவதும் காவல் ஏற்பாடுகள். உள்ளே இருக்கும் லித்தியம் பற்றரிக்குச் சூடு பெரும் பகை. 2016 ஆம் ஆண்டிலே சம்சுங் கலக்ஸி நோட் 7 பற்றரிக் குறையினால் தீப்பற்றியதும், அவ்வருடம் ஐப்பசியில் அதன் உற்பத்தியே கைவிடப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவை. அங்கே குற்றம் பற்றரி செய்யப்பட்ட முறையில் இருந்தது. ஆயினும் அடக்கி வைத்த ஆற்றல் எத்தகையது என்பதை உலகம் அன்று கண்டது. 2008 இன் கருவியிலே 1150 மில்லி அம்பியர் மணி கொண்டதாய் இருந்த பற்றரி, இன்றைய கருவிகள் பலவற்றில் 5000 அளவினதாக இருக்கின்றது. நினைவகம் 64 மடங்கு வளர்ந்த காலத்தில் பற்றரி நான்கு மடங்கும் சிறிதுமே வளர்ந்தது. இந்த ஏற்றத்தாழ்வே இன்றைய தொல்லைகள் பலவற்றுக்கு மூலம்.

சவாரித் திடலின் தந்திரங்கள்

நாம் வருந்துவது வேறொன்றைப் பற்றி. உச்ச வேகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுபவர்கள், அந்த வேகம் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவதில்லை. இதற்குப் பழைய சரித்திரம் உண்டு.

2013 ஆம் ஆண்டிலே, சம்சுங் கலக்ஸி எஸ்4 என்னும் கருவியின் ஒரு வகை, வேகத்தை அளக்கும் சில மென்பொருள்களைக் கண்டவுடன் மட்டும் கூடிய வேகத்தில் ஓடியதை ஆனந்த்ரெக் என்ற சஞ்சிகை வெளிப்படுத்தியது. பரீட்சகர் வரும்போது மட்டும் புத்தகத்தை விரிக்கும் மாணவனை இது ஒக்கும். 2018 இலே ஹுவாவி நிறுவனத்தின் சில கருவிகள் இதே காரணத்தால் ஓர் அளவீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2015 இலே குவல்கொம் நிறுவனத்தின் ஸ்னப்ட்ராகன் 810 செயலி சூடாவதாகப் பெரும் பேச்சு எழுந்தது. சம்சுங் அவ்வாண்டின் கலக்ஸி எஸ்6 இலே அதனை விடுத்துத் தன் சொந்தச் செயலியையே பொருத்தியது.

2022 பங்குனியிலே நடந்ததோ இன்னும் கவனிக்கத்தக்கது. கலக்ஸி எஸ்22 வரிசையிலே, விளையாட்டுகளுக்கென அமைந்த ஓர் ஏற்பாடு, வெப்பத்தைத் தடுப்பதற்காகப் பல மென்பொருள்களின் வேகத்தைக் குறைத்தது. ஆனால் வேகம் அளக்கும் மென்பொருள்களை அது தொடவில்லை. கீக்பெஞ்ச் என்னும் அளவீட்டு நிறுவனம் எஸ்22 ஐயும் அதற்கு முந்திய மூன்று வரிசைகளையும் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. சம்சுங் தன் பங்குதாரர் கூட்டத்திலே மன்னிப்புக் கோரி, அவ்வேற்பாட்டை வைத்திருப்பதா நிறுத்துவதா என்று வாங்கியவரே தீர்மானிக்க இடங்கொடுத்தது. வேகத்தைக் குறைத்தது பிழையன்று. சொல்லாமல் குறைத்ததே பிழை.

நல்ல மாற்றங்களும் உண்டு. 2023 இலே கூகிள் தன் பிக்சல் 8 கருவிக்கும், 2024 இலே சம்சுங் தன் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு வழங்குவதாக உறுதி கூறின. ஐரோப்பிய ஒன்றியத்திலே, 2025 ஆனி 20 முதல் விற்பனைக்கு விடப்படும் கைத்தொலைபேசியின் பற்றரி, 800 முறை மின்னேற்றிய பின்பும் தன் கொள்ளளவில் 80 வீதத்தையேனும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்துள்ளது. மின்னேற்றத்தின் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு வைத்தது போல, வெயிலுக்கும் ஒரு கணக்கு வைக்கும் நாள் வர வேண்டும்.

வாங்குவோர் கவனத்திற்கு

புதிய கைத்தொலைபேசி வாங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில சொற்கள்.

கடையிலே கருவியைக் கையில் எடுத்து ஐந்து நிமிஷம் தடவிப் பார்ப்பது போதாது. குளிரூட்டிய அறையில் எல்லாக் கருவியும் சிங்கமே. அதே கருவியை வைத்திருக்கும் ஒருவரைத் தேடி, அரை மணி நேரம் காணொளி அழைப்பில் பேசிய பின் அது எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பரிசோதனைக் கட்டுரைகளை வாசிப்பவர்கள் உச்ச இலக்கத்தை விட்டுவிட்டு, இருபது நிமிஷத்தின் பின் எத்தனை வீதம் எஞ்சுகின்றது என்ற இலக்கத்தைத் தேட வேண்டும்.

பணம் கொடுக்குமுன், கருவியின் அடையாள இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலே பதியப்பட்டதா என்று பார்ப்பதும் அவசியம். 1909 என்னும் இலக்கத்திற்கு அதனைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் விடை கிடைக்கும். பதியப்படாத புதிய கருவிகளுக்கு இணைப்புக் கிடையாது என்று 2025 தை மாதத்தில் ஆணைக்குழு அறிவித்திருக்கின்றது.

வாங்கிய பின், பகலில் நீண்ட பதிவு எடுக்க வேண்டுமானால் 1080 அளவில் 30 படம் என்ற ஒழுங்கிலே எடுங்கள். ஒரு முகத்தையும் குரலையும் காப்பதற்கு அது தாராளம். கருவிக்குத் தடித்த உறை இருந்தால் அவ்வேளை கழற்றிவிடுங்கள். ஒரு குடை பிடியுங்கள். மின்னேற்றிக்கொண்டே விளையாடுவதைப் பிள்ளைகளுக்குத் தடுத்துவிடுங்கள். பற்றரி 80 வீதத்தோடு நிற்குமாறு செய்யும் வசதி பல கருவிகளில் இருக்கின்றது. நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் அதனைப் பயன்படுத்தினால் அதன் ஆயுள் நீளும். சூடேறிய கருவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது ஆகாது. உள்ளே நீர் படியும். நிழலிலே, காற்றோட்டத்தில், அணைத்து வைத்தாற் போதும்.

எமது கருவியை இன்றும் வைத்திருக்கின்றோம். மாலையிலே, திண்ணையிலே, தாயார் பாக்கு இடித்துக்கொண்டு பேசும்போது அது ஒரு மணி நேரமும் தளராமல் எடுக்கின்றது. படமும் குரலும் அத்தனை தெளிவு. எனினும் முக்கியமான நாள்களில் இரண்டாவது கருவி ஒன்றைக் கூடவே கொண்டு செல்லுகின்றோம். இவ்வளவு விலை கொடுத்தவர் இப்படிச் செய்ய வேண்டியிருப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்றே சொல்வோம். கருவிகளைச் செய்வோர் எமது வெயிலையும் தம் சோதனைச் சாலைக்குள் கொண்டுசென்று, உண்மையான இலக்கத்தைப் பெட்டியின் மேல் எழுத வேண்டும். எத்தனை வேகம் என்பதோடு எத்தனை நேரம் என்பதையும் கேட்பது வாங்குவோரின் உரிமை. கேட்பவர் பெருகினால் எழுதுவார்கள்.

வயோதிபப் பெற்றோரை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கின்றோம். மேலும் நல்ல கருவி வரட்டும் என்று காத்திராதீர்கள். கையில் இருப்பது எதுவோ, திரை வெடித்ததாயினும், அதனை எடுத்துக்கொண்டு இன்று மாலையே அவர்கள் பக்கத்தில் அமருங்கள். கருவிகள் ஆண்டுதோறும் புதிதாய் வரும். அந்தக் குரல் மறுபடி வராது.